பதினேழாம் நம்பர் மனை

நான் எழுதுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுத உட்கார்ந்தாலே 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள், யாரென்றே தெரியாத உங்களிடம் இவ்வளவு பேச வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். முகம் பார்க்காமல் பேசலாம் என்பதால் வந்த துணிச்சல் இது.

நேற்று பொட்டுக்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் அது ஒரு நோட்டீசு. அரக்கோணத்துப் பக்கம் ஏதோ ஒரு நகரில் மனை விற்கிறார்களாம். குடும்பத்தோடு குடியேறத் தோதான இடம், நல்ல தண்ணீர், கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். கீழே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கடலையை டப்பாவில் கொட்டக்கூட இல்லை, என் விரல் தானாகப் பதினேழைத் தேடியது. பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரர் மடித்த மடிப்பு. தாள் அங்கே கிழிந்திருந்தது.

எங்கள் மனைக்கும் பதினேழுதான் நம்பர். 'எங்கள்' என்று இன்னமும் வருகிறது பாருங்கள். அது எங்களுடையதாக இருந்தது மொத்தம் ஒரு மாதம்கூட இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திருத்தணியில் வந்து இறங்கிய வருடம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவர் என் அத்தை மகன். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவோம், அதனால் அவரைக் கடைசி வரை பாவா என்றே கூப்பிட்டேன். ஆர்.கே.பேட்டையில் இரண்டு குடும்பமும் தறிக்காரர்கள். பாவா மட்டும் படித்துவிட்டு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதப் போனார்.

நாங்கள் இருந்தது ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் ஓர் அறை. ஆறு அடுப்புக்கும் புகை போக ஒரே வழிதான். அந்தப் புகையின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. வரட்டி, கருவாடு, யாரோ தாளித்த கடுகு எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். என் தலைமுடியை மோந்து பார்த்தே பக்கத்து அறைக்காரி, "இன்னைக்கு மூணாவது ஊட்ல கத்திரிக்கா" என்று சொல்லிவிடுவாள். கிணறும் ஒன்றுதான். நாங்கள் வாளியும் கயிறும் அடுத்தவரிடம் இரவல் வாங்கி இறைப்போம். நான் ஆறு மாதம் முழுகாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து, பட்டணத்துக் குடும்பம் ஒன்று வீடு கேட்கிறது, புரட்டாசிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் தரகர் முனிரத்தினம் வந்தார். கையில் எப்போதும் ஒரு குடை. வெயிலுக்கு விரிக்கமாட்டார். அது மனை காட்டுவதற்கு மட்டும். ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஒருவருடைய மேட்டுநிலத்தை மனை போட்டிருந்தார்கள். மூலைக்கு மூலை முட்டியளவு கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, தாரால் நம்பர் எழுதியிருந்தார்கள். ஊரில் அந்த இடத்துக்கே வெள்ளைக்கல் என்று பேராகிவிட்டது.

"இது ரோடு. இங்க கெணறு. அதோ அங்க பள்ளிக்கூடம் வருது. குடும்பஸ்தனுக்கு மட்டும்தான் குடுக்கணும்னு மொதலாளி கண்டிசனா சொல்லிகீறாரு" என்றார் தரகர்.

குடை நுனி காட்டிய இடத்தில் கள்ளிச்செடி ஒன்றும் ஆடு ஒன்றும் இருந்தன. பாவா ஆட்டைப் பார்த்தார்.

"அதுவா? மொத ஆளா சேந்துகினு கீது" என்றார் தரகர். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாவா பதினேழாம் நம்பரில் இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாதத்துக்குப் பாதம் ஒட்டி வைத்து அளந்துகொண்டே நடந்தார். "இது கூடம். இது தொட்டில் கட்ற எடம். இங்க அடுப்பு. எதுர்ல ஜன்னலு." அவர் அடுப்பு என்று சொன்ன இடத்தில் நான் குந்திப் பார்த்தேன். நேர் எதிரே மலை. கோபுரம் தெரிந்தது. புகை போக ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே முருகன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"இன்னா, இப்பவே சமைக்கப் போறியா?" என்றார் பாவா.

ஆனி மாதக் கடைசி நாளில் முன்பணம் கொடுத்தோம். விடிந்தால் ஆடி. ஆடியில் யார் பத்திரம் பதிவார்கள்? ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டோம். பாதை ஓரத்தில் இருந்த ஈசானிய மூலைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தோம். இடம் வாங்கினால் எல்லோரும் செய்வதுதான். அதோடு விட்டிருக்க வேண்டும்.

எனக்கு விட மனம் வரவில்லை. ஆடி வெள்ளி வேறு. பெண்பிள்ளைகள் எதற்காவது மஞ்சள் பூசாமல் இருக்க முடியாத நாள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் அரைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, குடத்துத் தண்ணீரோடு போய், அந்தக் கல்லைக் குளிப்பாட்டி, பூசி, பொட்டு வைத்து, ஒரு அரளிச் சரத்தைச் சுற்றிவிட்டு வருவேன். சுண்ணாம்பு மறைந்தது. தார் எழுத்தும் மறைந்தது. சின்னக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி செய்தேன் என்றால் சிரிப்பீர்கள். எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் பரணி. அந்த வருடம் அது வெள்ளிக்கிழமையில் வந்தது. கூட்டம் தாங்காது என்று பாவாவை ஷெட்டிலிருந்து எடுத்து டிக்கெட் வாங்கும் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஸ்டேஷனிலேயே. நான் மட்டும் கிண்ணத்தோடு போனேன். ஊரே சந்தனமும் கற்பூரமுமாக மணத்தது. மொட்டையடித்த தலைகளில் பூசிய சந்தனத்தின் வாசனை, இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்குப் பக்தி வருவதில்லை. எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன்.

பூசி முடித்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினால், பின்னால் ஒரு காவடிக் கூட்டம் நிற்கிறது. ஆந்திரா பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். மஞ்சள் வேட்டி, வெடித்த பாதம், தோளில் பூக்காவடி. காவடியை வெறும் தரையில் இறக்கக் கூடாது. அதனால் ஒரு சாமி இருக்கிற இடமாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

முன்னால் நின்ற பெரியவர், இது எந்தச் சாமி என்று தெலுங்கில் கேட்டார். "அம்மா, ஈ சாமி எவரு?"

இது சாமி இல்லை, எங்கள் மனைக் கல். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தமிழிலும் சொல்லலாம், தெலுங்கிலும் சொல்லலாம், எனக்கு இரண்டும் தெரியும். ஆனால் அத்தனை ஆண்களும் பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு, நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

நான் தவிப்பதைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை உதவிக்கு வந்தாள். "இடும்பன் சாமிதானே தல்லி?" என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டாள். முதன்முதலில் காவடி தூக்கியவன் இடும்பன். அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள்.

"ஆங்" என்றேன்.

அந்த நிமிடத்தில் அவர்கள் பார்வை என்னை விட்டுக் கல்லுக்குப் போனால் போதும் என்று இருந்தது. போனது. காவடிகளை இறக்கினார்கள். அரோகரா போட்டார்கள். கல்லின் மேலேயே தேங்காய் உடைத்தார்கள். அந்தப் பெண்பிள்ளை என் நெற்றியில் விபூதி இட்டு, வயிற்றைத் தடவி, "ஆம்பளப் புள்ள பொறக்கும் போ" என்றாள். பெண்தான் பிறந்தது.

தேங்காய் ஓட்டைப் பார்த்து அடுத்த கூட்டம் நின்றது. அதைப் பார்த்து அதற்கு அடுத்தது. மறுநாள் கிருத்திகையன்று குடத்தோடு அந்தப் பக்கம் போனேன். பக்கத்தில் ஒரு வேல் நட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூங்கில் ஊன்றிக் கீற்றுப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தட்டோடு உட்கார்ந்து விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பாவாவை வியாழக்கிழமைதான் விட்டார்கள். கண் சிவந்து வந்தார். கடைத்தெருவில் ஒரு கயிறு வாங்கியிருந்தார்.

"கெளம்பு. ஒரு தடவ நல்லா அளந்துட்டு வந்துடலாம். மேஸ்திரி கேட்டா சொல்ல வேணாம்?"

வழியெல்லாம் கயிற்றைக் கையில் சுற்றிப் பிரித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்குக் கம்பி வேண்டுமா, மரச்சட்டம் போதுமா என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். அந்த வழி நீளாதா என்று இருந்தது எனக்கு. மனைக்கு வந்து சேர்ந்தோம்; வேல், கீற்றுப் பந்தல், தட்டோடு அந்த ஆள்.

பார்த்தார். சண்டை போடுவார், அந்த ஆளை எழுப்புவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். அளக்க வந்த அன்று கழற்றிய அதே இடத்தில்தான். கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினார்.

"எடுத்துக்க நைனா" என்று அந்த ஆள் தட்டை நீட்டினார். பாவா விபூதி எடுத்து இட்டுக்கொண்டு, எனக்கும் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் கேட்டார். "எப்பிடி இது?"

"தெரியல பாவா."

திரும்புகிற வழியிலேயே மேஸ்திரி வீட்டில் நின்றார். கல்லைக் கொஞ்சம் தள்ளி நட முடியுமா என்று கேட்டார். மேஸ்திரி சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்து, "சாமி மேல கடப்பாற போடச் சொல்றியா? எனக்கும் புள்ள குட்டி கீதுப்பா" என்றார். அங்கிருந்து தரகர் வீட்டுக்குப் போனோம். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "முன்பணத்த வாங்கிக்க தம்பி. சாமி குந்திகினு கீற எடத்த மொதலாளி எப்பிடிப் பத்திரம் பண்ணுவாரு?" என்றார். வேறு மனை? பட்டணத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு மணவூரில் ஒரு கூரை வீடு, அரக்கோணத்தில் இரண்டு, மறுபடி திருத்தணியில் ஒன்று. எல்லாம் வாடகைதான். எல்லாவற்றிலும் அடுப்புக்கு எதிரே சுவர்தான். ஜப்பான்காரன் சண்டை முடிந்ததும் பட்டணத்துக்காரர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் வாங்கிய மனைகள் முள் மண்டிக் கிடந்தன. கிணறும் வரவில்லை, பள்ளிக்கூடமும் வரவில்லை. வெள்ளைக் கற்களைத் துணி துவைக்கவும் அடுப்புக் கூட்டவும் ஆளுக்கொன்றாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு கல்தான் நின்றது. அதற்கு இப்போது கம்பிக் கதவு போட்டிருக்கிறது.

கிருத்திகைக்குக் கிருத்திகை பாவா அங்கே போய்த் தேங்காய் உடைப்பார். "நம்ம ஊட்டுக்குள்ள போறதுக்கு நம்மளே வரிசைல நிக்கறோம்" என்பார். சில வருடம், "யாரு மொதல்ல ஒடச்சானோ" என்பார். இருபது வருடத்துக்கு மேல் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நான் சொன்ன ஒரு 'ஆங்' தான் என்று சொல்ல எனக்கு அங்கேயும் வாய் வரவில்லை, வீட்டிலும் வரவில்லை. போன மாசியில் அவர் போய்விட்டார். இனி இதைப் படிக்க அவர் இல்லை என்பதால்தான் எழுதினேன். கல் எதுவென்று தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். பாவா என்று கூப்பிட ஆள் இல்லை.

தரகர் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் மஞ்சள் அரைக்கவில்லை. பாவா எழுந்து, மனை அளக்க வாங்கிய அந்தப் புதுக் கயிற்றைக் கிணற்று வாளிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். ஆறு குடித்தனமும் அதில்தான் தண்ணீர் இறைத்தோம்.