போயிட்டு வரேன்

என் தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். அதற்குள் அவள் மகன் தூங்கியாக வேண்டும். தம்பி லாரி விபத்தில் இறந்தபிறகு அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. மூன்று வயதுகூட நிரம்பாத அந்தப் பொடியன் கண்ணை மூடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

அவன் முழித்திருக்கும்போது கிளம்பினால் வாந்தி எடுக்கும்வரை அழுவான். அவள் வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்ளும் எனக்கோ முட்டிவலி, தூக்கி வைத்து ஆட்ட முடியாது. அவள் தோளில் தூங்குவான், பாயில் கிடத்தியதும் எழுந்துவிடுவான். அதற்குள் பஸ் போய்விடும். "இன்னொரு தடவை லேட்டுன்னா வராதம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

குழந்தை டாக்டர் ஒரு வழி சொன்னார். முழித்திருக்கும்போதே படுக்க வை, சொல்லிக்கொண்டு வெளியே வா, திரும்பப் போய்த் தூக்காதே. அப்படியே செய்தாள். அழுகை நின்றது என்னவோ நிஜம். ஆனால் தூங்கவில்லை. பாயில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் இவள், தோளில் பையோடு; அவன் முழித்திருக்கையில் வாசலைத் தாண்டினால் மறுபடி அழுகை தொடங்கிவிடும் என்ற பயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "என்னால முடியல அண்ணி. வேலை போச்சுன்னா இவனை எப்படி வளர்ப்பேன்?"

நான் உள்ளே போய் அதட்டினேன். "ஏன்டா, படுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"அம்மா போயிட்டு வரேன்னு சொன்னா," என்றான். "வரட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. 'வரேன்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பிக் காவல் இருந்திருக்கிறான்.

வெளியே வந்து, "போறேன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பு" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தம்பி கடைசியாக லாரி எடுத்த அன்று, அவசரத்தில் "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன். அதற்கப்புறம் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

"வாய் வரல அண்ணி."

"பஸ் வந்துடும்."

உள்ளே போனாள். "அம்மா போறேன்டா" என்றாள், பாதிக் குரலில். "ம்" என்று திரும்பிப் படுத்தான். அவள் செருப்பை மாட்டுவதற்குள் தூங்கிவிட்டான்.

ஓடினாள். பஸ் கிடைத்துவிட்டது. பிள்ளை அசந்து தூங்கினான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சலவைக்கூடத்துக்குப் போன் போட்டேன்.

"என்ன அண்ணி, அழறானா?"

"இல்ல, தூங்குறான். நீ வந்துடு."