வெடிக்காத குலை

ஓடைப்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் பத்து வருடங்களாக யாரும் துணி காயப்போட்டதில்லை. கால் வைக்க இடம் இருக்காது. மூடியில்லாத குக்கர், அடி ஓட்டையான குடம், பெயிண்ட் வாளி, நசுங்கிய இட்லிக் கொப்பரை, பழைய வாஷிங் மெஷினின் தொட்டி என்று முப்பத்து நான்கு பாத்திரங்கள். எல்லாவற்றிலும் மண், எல்லாவற்றிலும் ஒரு திராட்சைக் கொடி. அவை தண்ணீர் டேங்க் மேலும் டிஷ் ஆன்டெனா மேலும் இஷ்டத்துக்கு ஏறிக் கிடந்தன. நடுவில் விதை உலர்த்திய காலண்டர் தாள்கள், அறுந்த செருப்பு.

அந்த வீட்டுக்காரர் சுருளிராஜன். ஊருக்குக் கிழக்கே ஒரு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார். பந்தலில் அவர் செய்வது எல்லோரும் செய்வதுதான்: கவாத்து, மருந்து, அறுப்பு. ஐப்பசியில் பழம் பழுக்கும்போது மழை பிடித்தால் தண்ணீரைக் குடித்துப் பழமெல்லாம் வெடித்துவிடும். வெடித்த குலையை வியாபாரி கையால் தொடமாட்டார்.

எங்கள் பக்கத்தில் திராட்சையைத் தாய்க் கொடியில் வெட்டிய குச்சி ஊன்றித்தான் வளர்ப்பார்கள். விதையில் வருவது தாயைப் போல இருக்காது. எப்படி வரும் என்று யாராலும் சொல்லவும் முடியாது. அதனால்தான் சுருளிராஜன் விதை போட்டார். அத்தனையில் ஒன்றாவது மழையைத் தாங்காதா என்று நினைத்தார்.

அடுத்த தோட்டத்து நாகராஜ் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “என்னண்ணே, மாடியில ஆக்கர் கடை போட்டிருக்கீகளாமே” என்பார். பழைய இரும்புக் கடையைத்தான் எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்பது.

“ஒனக்குன்னு ஒரு குக்கர் எடுத்து வச்சிருக்கேன்டா. விசில்தான் இல்ல.”

கொடிகளுக்கு எண்ணும் கிடையாது, சீட்டும் கிடையாது. இருந்த பாத்திரம்தான் பெயர். குக்கர்காரியின் பழம் புளிக்கும். குடத்துக்காரிக்கு நோய் வராது, ஆனால் சரியாகக் காய்க்கமாட்டாள். எதை எதன் பக்கத்தில் நகர்த்தலாம், எந்தப் பழத்தின் விதையை அடுத்துப் போடலாம் என்பதெல்லாம் அந்தக் குப்பைக்குள் குத்தவைத்து உட்கார்ந்தால்தான் அவருக்குத் தோன்றும். நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி மனைவி சண்முகத்தாய் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் யோசனை நின்றுபோகிறது என்பார் இவர்.

போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் ஆறு நாள் விடாமல் மழை. பந்தலில் பாதி வெடித்தது. மாடியில், வாஷிங் மெஷின் தொட்டியில் இருந்த மெஷின்காரியில் ஒரே ஒரு குலை தொங்கியது. அதில் ஒரு பழம்கூட வெடிக்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். இன்னும் இரண்டு மழை பார்க்க வேண்டும், அதுவரை மூச்சு விடாதே என்றும் சொன்னார். அடுத்த சித்திரைக் கடைசியில் கவாத்து செய்தபோது அவளிடமிருந்து மூன்று குச்சிகளை வெட்டி உடைந்த மக் ஒன்றில் ஊன்றிவைத்தார். தாய்க் கொடிக்கு எதுவும் ஆனாலும் குச்சி இருக்குமே என்பதற்காக.

வைகாசி பிறந்ததும் மகள் முனீஸ்வரியைப் பெண் பார்க்க வருவதாக முடிவானது. தாய்மாமனை நேரில் போய் அழைக்க வேண்டும் என்பதால் பெற்றோர் இருவரும் கெங்குவார்பட்டிக்குப் போனார்கள். முதல் நாள் போய் மறுநாள் திரும்பினார்கள்.

முனீஸ்வரி தேனியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் அடுக்கிவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். வருகிறவர்களுக்கு மாடியில்தான் பந்தி போட முடியும். ஒரு செடியையும் தூக்கிப்போடக் கூடாது, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி புதிதாகவே வைத்துவிடலாம் என்று முப்பத்து நான்கு பச்சை குரோ பேக் வாங்கிவந்தாள். கவாத்து முடிந்து கொடியெல்லாம் ஒரே மாதிரி மொட்டைக் குச்சியாக நின்றன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, புது மண் போட்டு, சுவர் ஓரமாக வரிசையில் வைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து உதவிக்குப் போன நான்தான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். மக்கில் இருந்த குச்சிகளைக் காய்ந்தவை என்று நினைத்துக் குப்பையோடு கொளுத்தியதும் நான்தான். பழைய சாமான்களை ஆக்கர்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் சுருளிராஜன் மாடிக்கு வந்தார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“ஆத்தா, மிஷினுல இருந்தவ எங்கன?”

“எல்லாம் இங்கனதான்ப்பா இருக்கு. ஒண்ணையும் தூக்கிப் போடல.”

“இதுல எதும்மா?”

முனீஸ்வரிக்குத் தெரியவில்லை. அவர், “சரித்தா. நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கினார். படியில் உட்கார்ந்து சண்முகத்தாய்தான் மகளிடம் முழுவதையும் சொன்னார். நான் கொளுத்தியது மெஷின்காரியின் குச்சிகளை என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அப்பாவும் மகளும் சின்னமனூர் ஆக்கர் கடைக்குப் போய்த் தேடினார்கள். தொட்டி கிடைத்தது. அதன் ஓட்டைகளில் அறுந்த வேர்கள் சிக்கியிருந்தன. எந்தப் பையில் இருக்கும் வேரோடு அவை பொருந்தும் என்று வீட்டுக்கு வந்து சுருளிராஜன் பை பையாக மண்ணைக் கிளறினார். நாலைந்து பையோடு கையை எடுத்துவிட்டார். கிளறக் கிளற இருக்கிறதும் செத்துப்போகும் என்றார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துப்போனது. மாடி என்ன சுத்தமாக இருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை சொன்னார். முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்து அவள் தேனிக்குப் போனாள். அதற்குள் பதினோரு கொடிகள் கருகியிருந்தன. மிச்சம் இருபத்து மூன்றும் ஒன்றிரண்டு குலை விட்டன. வானத்தில் மேகம் கூடினால் அவளிடமிருந்து போன் வந்துவிடும். அங்கன மழையா என்பதைத்தான் முதலில் கேட்பாள். இன்னும் பழுக்கவில்லை, பொறு என்பார் இவர்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் மழை கொட்டியது. நாலாம் நாள் காலையில் சுருளிராஜன் பை பையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போவதை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். இருபத்து மூன்றாவது பையிலும் பழம் வெடித்திருப்பதைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கிவந்து வாசலில் இருந்த மனைவியிடம், “அவ செத்துப்போன பதினொண்ணுல போயிட்டா” என்றார்.

அப்போதுதான் முனீஸ்வரி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் வீட்டுக்கும் கேட்டது.

“அப்பா, என்னாச்சு?”

அவர் சண்முகத்தாயைப் பார்த்தார். “ஒண்ணு நிக்கிதுத்தா” என்றார். “வெடிக்கல. அவதான்.”

அந்தப் பக்கம் முனீஸ்வரி விசும்பி விசும்பி அழுதாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், காட்டுங்கள் என்றாள். சண்முகத்தாய் அடுப்படிக்குள் போனார்.

சனிக்கிழமை சுருளிராஜன் கையில் வெள்ளைப் பெயிண்டோடு மாடிக்கு வந்தார். இருப்பதில் செழிப்பான பை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதில் வெடித்துத் தொங்கிய குலையைக் காம்போடு வெட்டிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினார். மகளிடம் காட்டுவதற்கு, கடையில் வாங்கிய வெடிக்காத பழம் ஒரு கிண்ணத்தில் தயாராக இருந்தது. அதுவரை எந்தக் கொடிக்கும் பெயர் எழுதாதவர், அந்தப் பையின் மேல் ஒவ்வொரு எழுத்தாக ‘மெஷின்காரி’ என்று எழுதினார்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். நான் எங்கள் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். முனீஸ்வரியிடம் இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை.