மடித்து அடைத்த பிரேக் பைப்

என் கணவருக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்தபோது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தரையில் படுத்து எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டலாமா என்று இவர் கேட்டதற்கு, மெதுவாக ஓட்டலாம் என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஜீப்பை ஓட்டுவது அவர், ஜீப்புக்கு அடியில் படுப்பது நான் என்று ஆகிவிட்டது.

ஜீப் ஊர் சுற்ற வாங்கியதல்ல. என் தங்கை ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறாள். மலைமேல் பாதி தூரம்வரை பஸ் போகும். அதற்கப்புறம் கல்லும் ஓடையும்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டவளை மாதம் ஒரு தடவையாவது பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதற்காகத்தான் நாங்கள் குடியிருக்கும் காட்டுப்பாக்கத்துச் சந்துக்குள் திருப்பவே முடியாத அந்தப் பழைய டீசல் வண்டியை வாங்கினோம்.

வாங்கிய புதிதில் ஒரு நாள், மலைப்பாதையில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. என்ன செய்வதென்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மரம் ஏற்ற வந்த டிராக்டர் இழுத்துப் போனது. நான் அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இன்னொரு தடவை இப்படி உட்கார மாட்டேன்.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ரப்பர் சாமான் பேக்கிங். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைத்துவிட்டுத் தூங்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த சுகம். அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டு, பூந்தமல்லியில் என் கணவரின் சிநேகிதர் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஆரம்பித்தேன். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டின் ஓரம். தூசி கண்ணிலும் பல்லிலும் ஒட்டும். இவரும் அந்தச் சிநேகிதரும் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது என்னையல்ல, இவரைத்தான்.

"இன்னா மச்சான், பொண்டாட்டிய வண்டிக்கு அடியில படுக்க வெச்சிட்டு நீ டீ குடிச்சிகினு கீறியா?"

"முதுகுடா" என்றார் இவர்.

"எனக்குந்தான் முதுகு கீது."

அவருக்குப் பொறுமை கிடையாது. ஞாயிறு அவருக்கும் ஓய்வு நாள்தான். அதை நான் கெடுக்கிறேன் என்பது அவர் முகத்திலேயே தெரியும். ஒரு தடவைதான் காட்டுவார். ஹோஸ் கிழிந்தால் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுவது, டீசல் டேங்க் கசிந்தால் துணி சோப்பைப் பிசைந்து அப்புவது, வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் உடைந்தால் கட்டை கொடுத்துக் கம்பியால் கட்டுவது. அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்றும் சொல்ல முடியாது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போடு, அடைத்துக்கொள்ளும் என்றார். போட்டேன். ஒழுகல் நிற்கவில்லை. வண்டி மட்டும் ரொம்ப நாளைக்குச் சாம்பார் வாசனை அடித்தது.

பிரேக் விஷயத்தை அவர் சொல்லித்தரவே யோசித்தார். "அது வெளையாட்டு இல்லம்மா" என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு பழைய பைப்பை எடுத்து, எந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப் உடைந்ததோ அதை மட்டும் மடித்து நசுக்கி அடைப்பது எப்படி என்று காட்டினார். ஒரு சக்கரத்தில் பிரேக் இருக்காது, மற்ற மூன்றிலும் இருக்கும். அதற்கப்புறம் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"பிரேக் ஆயில் தீந்து போச்சின்னா?" என்று கேட்டேன்.

"வேற எண்ணெ மட்டும் ஊத்தாத. உள்ள கீற ரப்பர் ஊதிடும். அப்பால கடவுள்தான்."

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கை மணிக்கட்டு வரை கருப்பாக இருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் சாப்பாட்டில் டீசல் வாடை வரும். எதற்கு இந்தப் பாடு என்று அழுகையாகக்கூட வந்திருக்கிறது. அழவும் தெம்பில்லாமல் படுத்துவிடுவேன்.

மழை விட்ட ஒரு வாரத்தில் மலையிலிருந்து போன் வந்தது. பேசியது யாரோ ஒரு ஆள். தங்கை பிரசவமான ஒரு பெண்ணைப் பார்க்கப் போகும்போது ஓடைப்பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டதாம். சிக்னலுக்காகப் பாறை ஏறி நின்று பேசுகிறேன் என்றார். நான் லீவு சொல்லிவிட்டு வந்தேன். விடிவதற்கு முன் கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால், அவளே மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர்க்காரர்கள் தூக்கி வந்து ஜீப்பின் பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். வேலூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக முடிவு.

இறக்கத்தில் ஓடையைத் தாண்டும்போது அடியில் கல் ஒன்று மோதும் சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் என் கணவர் காலைத் தூக்கித் தூக்கி மிதித்தார்.

"பெடல் கீழ போகுது" என்றார்.

கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்சுவரில் வண்டியை உரசி நிறுத்தினார். தங்கை வலியில் ஒரு தடவைதான் கத்தினாள். நான் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். பின்பக்கம் இடது சக்கரத்துக்குப் போகும் பைப் பிய்ந்திருந்தது. ஈரமண். முதுகெல்லாம் நனைந்தது. எனக்குப் பயமாக இருந்ததா என்று பிறகு கேட்டார்கள். அப்போது தோன்றியதெல்லாம் இப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்பதுதான்.

பைப்பை மடித்தேன். மறுபடி மடித்தேன். கட்டிங் பிளேயரால் நெரித்து, கல்லைக் கீழே கொடுத்துச் சுத்தியால் தட்டினேன். கசிவு நின்றது. ஆனால் ஆயில் முக்கால்வாசி ஓடிப்போயிருந்தது. எங்களிடம் இருந்த பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம். காற்றை எடுக்கும்போது வெளியே வருவது மண்ணில் போனால் அவ்வளவுதான்.

"வெளிய வர்றதப் பிடிச்சித் திரும்ப ஊத்தக் கூடாதாக்கா?" என்றாள் தங்கை மேலேயிருந்து.

"பிடிக்க ட்யூப் வேணும்டி."

அவள் பையைத் துழாவி, டிரிப்ஸ் ஏற்றும் ட்யூபையும் பெரிய சிரிஞ்சையும் நீட்டினாள். ட்யூப் மற்றச் சக்கரங்களின் காற்றுத் திருகு முனையில் செய்து வைத்ததுபோல் பொருந்தியது. மறு முனை எங்கள் டிபன் பாக்ஸ் மூடியில். இவர் மிதிக்க, நான் திறந்து மூட, மூடியில் சேர்ந்ததைத் தங்கை காலை நீட்டியபடியே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் வடிகட்டி சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுத்தாள். நுரை அடங்கட்டும் என்று சற்றுப் பொறுத்து ஊற்றினோம். மிதி, பிடி, மூடு, விடு. எங்கள் மூன்று பேருக்கும் அந்த நாலு வார்த்தை தவிர வேறு பேச்சே இல்லை.

பெடல் கெட்டியாகவில்லை. பாதியில் நின்றது, அவ்வளவுதான். அது போதும் என்று முதல் கியரிலேயே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் கையில் கல்லோடு இறங்கி வண்டிகூடவே நடந்தேன். போளூர் வந்ததும் வேறு வண்டி பிடித்து அவளை வேலூருக்கு அனுப்பி, கூடவே நானும் போனேன். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். நர்ஸ் என்னை எழுப்பி, நீங்கள்தான் பேஷண்ட்டா என்று கேட்டாள். சேலை அந்தக் கோலத்தில் இருந்தது.

போளூரிலேயே புதுப் பைப் போட்டு வண்டி வீடு வந்தது. மடித்த துண்டைப் பூந்தமல்லிக்காரரிடம் இவர் காட்டியிருக்கிறார். "இத்தினி மடிப்பு எதுக்கு? ரெண்டு போதும்னு சொன்னேனே" என்றாராம்.

தங்கை எங்கள் வீட்டில் இருந்து கால் தேறினாள். வண்டியை விற்றுவிடலாம் என்று இவர் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். இங்கேயே எங்கேயாவது மாற்றல் கேளேன் என்று நானும் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அங்க ஒருத்திக்கு எட்டாம் மாசம்க்கா" என்றாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டோம். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்றாள். எனக்கு மறுநாள் காலையில் ஷிஃப்ட் இருந்தது. அவள் ஊற்றிக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.