வாசிகசாலைச் சுவரில் அக்கா

கண்டி மஹய்யாவ இளைஞர்கள் இப்போது ஊரின் பழைய படங்களை முகநூலில் போட்டு, "இதில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். தெரியும் தம்பிமாரே. எனக்கு வேறு வேலையும் இல்லை.

எங்கள் தெருவுக்கு வரலாறு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் என் சித்தப்பா. அதுவரை நாங்கள் சும்மா குடியிருந்துகொண்டிருந்தோம். அவர் வீடு வீடாகப் படங்களை இரவல் வாங்கி வாசிகசாலைச் சுவரில் மாட்டினார். மாட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, சுவரில் இருந்த அத்தனை பேரும் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு ஒரேயடியாகப் போய்விட்டவர்கள். கப்பலுக்கு நாள் குறித்த பிறகுதான் எங்கள் சனம் ஸ்டூடியோப் பக்கம் போகும். போகிறவர்களுக்கு ஒரு பிரதி, இருக்கிறவர்களுக்கு ஒரு பிரதி.

"நம்ம படம் எங்க சித்தப்பா?"

"நீங்கதான் எங்கயும் போகலையேடா. இருக்கிறவன எவன் படம் எடுப்பான்?"

எட்டு வயதில் வரலாற்றிலிருந்து தள்ளிவைக்கப்பட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? நாள்கணக்கில் அழுதேன். உண்ணாவிரதமும் இருந்தேன், மத்தியானம் வரைக்கும். எதற்கும் மசியாத அப்பா ஒருநாள் சட்டென்று, "ஞாயித்துக்கிழம எல்லாரும் படம் எடுக்கப் போறோம்" என்றார். என் அழுகைக்கு இவ்வளவு சக்தியா என்று நானே மலைத்துப்போனேன். அந்த மலைப்பில்தான் பிற்காலத்தில் எழுத்தாளனாகவும் ஆனேன்.

கண்டி வாவி கூப்பிடு தூரத்தில் கிடக்க, ஸ்டூடியோவில் எங்களைத் துணியில் வரைந்த வாவிக்கு முன்னால் நிறுத்தினார்கள். இருந்தது ஒரே கதிரை. அதில் போன தையில் கலியாணமான அக்காவை உட்காரவைத்தார்கள். என் அழுகையால் நடக்கிற படத்தில் நான் ஓரத்திலா? காலை உதைத்துக்கொண்டு குதித்தேன்.

"இன்னைக்கு மட்டும் அவ நடுவுல இருக்கட்டும்டா" என்றாள் அம்மா.

வீடு திரும்பும்போது தெருப் பெண்கள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பொறாமை என்று நினைத்தேன். "எங்க படத்தையும் மாட்டப் போறாங்க!" என்று கத்தினேன்.

"மாட்டுவாங்க ராசா" என்று ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா புருஷனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. எனக்கு அது அட்டை பளபளக்கும் ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். அடுத்த வாரம் இருவரும் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார் ரயிலேறினார்கள். "தீவாளிக்கு வந்துருவா" என்று அம்மா சொன்னாள்.

படம் சுவரில் ஏறியது. பள்ளிக்கூடம் விட்டதும் அதன் கீழே நின்று, பேப்பர் படிக்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வேன். "இது அப்பா, இது அம்மா, ஓரத்துல நானு. நடுவுல அக்கா. இந்தியா பாக்கப் போயிருக்கா, தீவாளிக்கு வந்துருவா."

இரண்டு தீபாவளி போன பிறகும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ஊர்க் கதையில் யார் ஒரு வருஷம் பிசகினாலும் விடாமல் திருத்துகிற மனிதர், என்னை மட்டும் ஒருநாளும் திருத்தவில்லை. நான் சொல்வதில் பிழை இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.