குங்குமம் வைத்த மூடிகள்

எங்கள் கம்பெனியில் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் விமானத்துக்குப் பாகம் என்பேன். எனக்குச் சொல்லப்பட்டதும் அதுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினிய மூடி. கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பயணிகள் விமானம் என்று நானாக நினைத்துக்கொண்டேன், யாரும் மறுக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்த கை சும்மா இருக்குமா? தறியில் ஓடுகிற நாடாவில் தொடங்கி, கடைக்குப் போகிற சேலைப் பெட்டி வரைக்கும் பொட்டு வைத்துப் பழகியது. இயந்திரங்களோடு நிறுத்தாமல், ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த மூடிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன்.

என் அடுத்த ஷிப்டில் இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தனையையும் துடைக்கச் சொன்னார். ஒரு பொட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். இது டிரோனில் குண்டு பொருத்துகிற இடத்துக்குப் போவது, தூசி இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். வாங்குகிற நாட்டின் பெயரையும் கோபத்தில் சொல்லிவிட்டார்.

அந்த நாடு தன் பக்கத்து நாட்டின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தது; அங்கே துறைமுகத்தில்தான் அக்காள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சில நாட்களாக அவரிடமிருந்து போன் இல்லை.

விஷயம் தெரிந்ததும் இன்ஜினியரே டீ வாங்கி வந்தார். நல்ல மனிதர். நாம் அவர்களிடம் ரேடார் வாங்குகிறோம், அவர்கள் நம்மிடம் இதை வாங்குகிறார்கள், எண்ணெய் குண்டு விழுகிற பக்கத்திலிருந்து வருகிறது, அதனால்தான் டில்லி யார் மனமும் நோகாமல் பேசுகிறது என்று விளக்கினார். நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலையை உதறிவிட்டு வர வேண்டியதுதானே என்பவர்கள் என் வீட்டு உலையைப் பார்த்ததில்லை. மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அக்காள் வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தாள், நெய்யவில்லை. மடியில் போன். துடைத்த கதையை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அப்போதுதான் போன் அடித்தது. அக்காள் அழுது, திட்டி, மறுபடி அழுது, என்னிடம் கொடுத்தாள். உயிரோடு இருந்தார். அது போதும் என்று இருந்தது எனக்கு.

அவருக்குப் போதவில்லை. "எங்கூட லாரி ஓட்டறவரு பையன் குண்டு விழுந்து செத்துட்டான்மா. அவரு வூட்லதான் குந்திக்கினு இருக்கேன். உங்க நாடு யாரு பக்கம்னு கேக்கறாரு. நீ படிச்சவ, இன்னா சொல்லட்டும்?"

அக்காள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்த மூடிகள்தான் நினைவில் வந்தன. வாயில் வந்தது வேறு.

"நாம யாரு பக்கமும் இல்லன்னு சொல்லுங்க மாமா."

அவர் அந்த ஊர்ப் பாஷையில் அதைச் சொல்வது கேட்டது. பிறகு ஒரு கிழட்டுக் குரல் ஏதோ சொன்னது.

"எங்க பக்கம் இல்லாட்டியும் பரவாயில்ல, அவங்க பக்கம் போகலியே, அதுவே போதும்ன்றாரு. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரும்மா."