புலியா, முயலா?

உத்தோ கிஷாபா நாற்பத்து மூன்று ஆண்டுகள் சந்தையில் எலுமிச்சையும் பாகற்காயும் விற்றவள். தராசு முள் நேராக நின்ற பிறகும் ஒரு பழம் கூடப் போடுவாள். எடை குறைந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஒகினாவாவின் வடக்கே, மலை நேராகக் கடலில் இறங்குகிற அந்தச் சின்ன ஊரில், 2022 ஆகஸ்டிலும் அவள் காலை ஐந்தரைக்குப் பாகல் பந்தலடியில்தான் இருந்தாள். அன்று பறித்தது பதினான்கு காய்.

அந்த மாதம் ஒன்பதாம் தேதி முதுமை ஆராய்ச்சிக் குழு ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர்கள்தான். பிடிவலு பார்த்தார்கள்: பதினாறரை கிலோ, சென்ற முறையைவிட அரை கிலோ அதிகம். நான்கு மீட்டரை ஐந்து விநாடியில் நடந்தாள். எண்பது வயதுக்காரியின் கால் என்றார் டாக்டர் இஹா. டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. எதையும் இரண்டு முறை எழுதிச் சரிபார்ப்பவர். பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் சிக்கல் வந்தது.

"போர்ல இந்த ஊர்ப் பதிவேடெல்லாம் எரிஞ்சுபோச்சு. அப்புறம் வாய்வார்த்தையா கேட்டு எழுதினதுதான் இப்ப இருக்கு. வயசு ஒண்ணு தப்பினா எங்க கணக்கு முழுக்கத் தப்பிடும். அதனால எல்லாரையும் கேக்குறேன். நீங்க எந்த மிருகத்தோட வருஷத்துல பொறந்தீங்க?"

பன்னிரண்டு மிருகங்கள், ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றிவருகிற பழைய கணக்கு அது. வருடத்தை மறப்பவர்கள் உண்டு. தன் மிருகத்தை மறந்தவர் இந்தத் தீவில் இல்லை. உத்தோ தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள். ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தலைக்கேறிவிட்டது, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் பிறந்தது 1927, முயல் ஆண்டு. பதிவேட்டில் இருப்பது 1926, புலி ஆண்டு. பொய் சொன்னவர் யாருமில்லை. 1946 நவம்பரில் அண்ணன் சோகென் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தங்கைக்கு இருபது வயது என்றான். பிறந்த அன்றே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று என்பது ஊர்க் கணக்கு. அதன்படி அவன் சொன்னது சரி. எழுத்தர் 1946இல் இருபதைக் கழித்தார். கழித்தலும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து உத்தோவை ஒரு வயது மூத்தவளாக்கின.

அதை அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் கமடு இருந்தாள். போர் முடிந்த கோடையில் அகதி முகாமில் கிடைத்த தோழி, 1926இல் பிறந்த அசல் புலி. முகாமிலிருந்து வந்த பின் இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்தன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தன் மிருகத்தின் ஆண்டு வரும்போது ஊர் கூடி வாழ்த்தும். 1950இல் கமடுவின் இருபத்தைந்துக்கு ஓர் ஆட்டை அடித்தார்கள். நீயும் புலிதானே, உட்கார் என்றார்கள். உத்தோ உட்கார்ந்தாள். அதன் பிறகு முப்பத்தேழு, நாற்பத்தொன்பது, அறுபத்தொன்று, எழுபத்து மூன்று, எண்பத்தைந்து என்று எல்லாவற்றுக்கும் கமடுவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது தொண்ணூற்றேழு, காற்றாடி விழா. வயது ஏறி ஏறி மறுபடி குழந்தையாகிவிட்டார்கள் என்று கையில் காகிதக் காற்றாடி கொடுத்து, திறந்த காரில் ஊர்வலம் விடுவார்கள். அக்டோபர் இரண்டாம் தேதி. ஊர்த்தலைவர் கியான் பட்டியலில் இரண்டு பெயர், ஒரு கார். முயல் என்று சொன்னால் உத்தோவின் பெயர் அடுத்த ஆண்டுக்குப் போகும். அடுத்த ஆண்டு என்பது கமடுவிடம் கேட்கக்கூடிய பொருளல்ல. அவளுக்கு வலது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. சென்ற பிப்ரவரியில் இதயத்துக்காகப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள்.

மூன்று நாள் உத்தோ சரியாகத் தூங்கவில்லை. புலி என்று சொல்லிப் பார்த்தாள், பந்தலுக்கு அடியில், யாருக்கும் கேட்காமல். வாயில் வந்தது. ஆனால் டாக்டர் அதை எடைக்கல்லாக வாங்கிப்போய்த் தராசில் வைப்பார் என்பது மனதை அறுத்தது.

வெள்ளிக்கிழமை கூடத்தில் கியானும் இருந்தார். பக்கத்து நாற்காலியில் கமடுவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முயல்" என்றாள் உத்தோ. பிறகு அண்ணன், எழுத்தர், ஆடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். கியானுக்குத்தான் முகம் வெளுத்தது. பதிவேடு புலி என்கிறது, ஊருக்கு அது போதும், இந்தப் பேச்சு இந்த அறையோடு போகட்டும் என்றார்.

"ஊர வேணா ஏமாத்தலாம் தம்பி. இவள எத்தனை வருஷம் ஏமாத்துறது?" என்று உத்தோ கமடுவைக் காட்டினாள். கமடுவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சலில்லை.

"ஏமாந்தது யாருடி?" என்றாள் கமடு. "அம்பத்தொண்ணுலயே தெரியும். முயல் வருஷம் பொறந்ததும் விடியக்காலையில அடுப்பு தெய்வத்துக்கு ஒரு பிடி சோறு கூட வெச்சுக் கும்பிட்டே. புலி வருஷத்துல பொறந்தவ முயல் வருஷத்துல எதுக்குடி கும்பிடப்போறா? அறுபத்து மூணுலயும் வெச்சே. எழுபத்தஞ்சுலயும் வெச்சே."

"தெரிஞ்சா சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னா எந்திரிச்சுப் போயிருவ. ஒத்தையில உக்காந்து ஆட்டுக்கறி திங்கணுமா நானு?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த வருடங்களைச் சாட்சியாகக் குறித்துக்கொள்ளலாமா என்று கமடுவிடம் அனுமதி கேட்டு, மூன்றையும் எழுதிக்கொண்டார்.

கியான் பட்டியலைப் பிரித்தார். உத்தோவின் பெயரை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. கமடு அவர் பேனாவைப் பிடுங்கித் தானே அடித்தாள்.

"எழுதிக்கோ. வண்டி குலுங்கினா என் முழங்காலப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இவ. காத்தாடி கெடையாது, வேலைக்காரிக்கு எதுக்குக் காத்தாடி?"

"சரி" என்றாள் உத்தோ. "அடுத்த வருஷம் என் வண்டியில யாரு?"

விழா சந்திர மாதக் கணக்கில் வருவது. அடுத்த ஆண்டு எந்தத் தேதியில் விழுகிறது என்று கமடு கியானைக் கேட்டாள். அவர் செல்பேசியில் தேடினார். இடையில் ஒரு மாதம் கூடுதலாக வருவதால் தள்ளிப்போகிறது, அக்டோபர் இருபத்தொன்று என்றார்.

"அப்ப ஒரு வருஷமும் பத்தொம்பது நாளுமா?" கமடு உத்தோவை முறைத்தாள். "ஒரு வருஷம்னா பரவாயில்ல. உன்னால பத்தொம்பது நாள் அதிகமால்ல இருக்க வேண்டியிருக்கு."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு அந்தத் தேதிவரை போக என்ன செய்ய வேண்டும், சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள் என்றாள். உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையைத் தவறவிடக் கூடாது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை, முழங்கால் தாங்கும் அளவுக்கு என்றார் டாக்டர்.

கமடு ரத்த அழுத்தம் பார்த்த கைப்பட்டையைக் கழற்றச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நின்றாள். "ஒண்ணு" என்றாள்.

"கையை ஊனிட்டே. நான் பாத்தேன்" என்றாள் உத்தோ. "அது சேராது. மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பி."