மதகடியில் ஒரு வீடு

ஏரி மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. மனைவி இறந்தபின் மதகுக்குப் பக்கத்திலுள்ள ஒற்றை அறையில் தனியாக இருந்தார். வாரமெல்லாம் வாய் திறக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தால்தான் பேச்சு.

மதகிலிருந்து தண்ணீர் பாயும் சரிவுக்கு மதகடி என்று பெயர். பெயரே எச்சரிக்கை. மனை போட்டு விற்றவர்கள் முதலில் அதைத்தான் அழித்தார்கள். ஒரு பூவின் பெயரோடு ‘நகர்’ சேர்த்துப் பலகை நட்டார்கள். அண்ணன் பேச்சைக் கேட்காமல் தங்கையும் அங்கே வீடு வாங்கினாள். போன மழையில் கரை உடையாமலிருக்க அவர் மதகைத் திறந்தார். அவள் வீட்டுக் கட்டில் மிதந்தது. ஊர் அதை விதி என்றது. விதியா மனைக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டது?

தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டை விற்றுவிட நினைத்தாள். சுவரின் நீர்க்கறை மறைய வெள்ளையடித்தார்கள். அவள் கணவர் மதகுக்கே வந்துவிட்டார்.

“மச்சான், வீடு பாக்க வர்றவங்க கேட்டா, ஏரிக்காத்து நல்லா வரும்னு மட்டும் சொல்லுங்க. பொய்யில்லையே.”

“காத்து மட்டுமா வரும்?”

“உங்க வாயையும் அந்த மதகு மாதிரி மூடியே வைங்களேன்.”

வீடு பார்க்க வந்தது ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும். அவள் நிறைமாதம். ஏரியைப் பார்க்கக் கரையேறியவள் மூச்சு வாங்க நின்றாள்.

“ஐயா, டீக்கடையில இதை மதகடிங்கறாங்க. பத்திரத்துல வேற பேரு. ரெண்டும் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதாம்மா. இந்த மதகைத் திறந்தா தண்ணி அந்த வீட்டுக்குத்தான் போகும். திறக்கறவன் நான்தான்.”

“வீட்டுக்குள்ளயுமா?”

“போன தடவை இடுப்பளவு.”

அன்று சாயங்காலம் தங்கை போனில் அழைத்தாள்.

“வேணாம்னுட்டாங்க. உனக்கு அவங்க சொந்தமா, நான் சொந்தமா?”

“நீதாம்மா.”

“அப்புறம் ஏண்ணே?”

“அவ புள்ளத்தாச்சிம்மா.”

“என் புள்ளைங்க மட்டும் மீனா, நீந்திப் பொழைக்க?”

அதன்பின் ஞாயிறுகளில் யாரும் வரவில்லை. வீடும் விற்கவில்லை.

அடுத்த மழையில் ஏரி மறுபடி நிரம்பியது. திறக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தங்கைக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. எச்சரிக்கைச் சங்கை ஊதிவிட்டு, நனைந்தபடியே ஓடிப்போய் அவள் கதவைத் தட்டினார்.

“திறக்கப் போறேம்மா. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போயிடு.”

கதவு திறக்கவில்லை. உள்ளே கட்டிலை இழுக்கும் சத்தமும், பிள்ளைகளைப் படியேறச் சொல்லும் அவள் குரலும் கேட்டன. சத்தம் மாடிக்குப் போய்ச் சேரும்வரை வாசலில் நின்றார். பிறகு மதகைத் திறக்கக் கரைக்கு நடந்தார்.